பூஜ்யம் இரண்டு முறை வரும்

டிராக்டரிலிருந்து கழற்றி வந்த பேட்டரியும்
முக்கால்வாசி தீர்ந்துவிட்டது.
சாவியைத் திருப்பினால் முக்குகிறது, முனகுகிறது,
பிறகு கார்புரேட்டர் வாய்வழியே ஒரே தும்மல்.
என் இடது புருவம் பாதி கருகிப் போயிற்று.
கொட்டகைக்கு அடியில் ஓடிய நாய்
இன்னும் வெளியே வரவில்லை.

எழுபத்தொன்பதாம் வருடத்து ஃபோர்டு பிக்கப்.
ஆறு சிலிண்டர், ஒற்றை வரிசை.
ஒரு கதவு நீலம்,
இன்னொன்றுக்கு நிறமென்று ஏதும் மிச்சமில்லை.
டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியது நான்தான்.
அடையாளம் போடாமல் கழற்றியதும் நான்தான்.
மோரா பள்ளத்தாக்கில் மார்ச் மாதக் காற்றிடம்
இதைச் சொல்லி அழ முடியாது.
மேலே மேய்ச்சலில் முப்பத்தெட்டு ஆடுகள்
காலித் தொட்டியின் துருவை நக்கிக்கொண்டிருக்கும்.

புல்லியைத் துணியால் துடைத்தேன்.
கிரீசுக்கு அடியில் பூஜ்யம் தெரிந்தது.
முள்ளுக்கு நேராக அதை நிறுத்தினேன்.
ரோட்டரை ஒன்றாம் எண்ணுக்குத் திருப்பினேன்.
ஒன்று ஐந்து மூன்று
ஆறு இரண்டு நான்கு
வயர் வயராகத் தொட்டு ஜெபமாலை போல எண்ணினேன்.
முறை தவறவில்லை.
மறுபடியும் தும்மல்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பெலார்மினோ வந்தான்.
வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான்.
இரண்டு கோடையாக எங்களுக்குள் பேச்சில்லை.
என் முறைத் தண்ணீரை
விடியற்காலை இரண்டு மணிக்கு
தன் பீன்ஸ் வயலுக்கு மடை மாற்றினான்.
அது தன் முறைதான் என்கிறான்.
நீர்ப்பாய்ச்சி க்ளோவிஸின் நோட்டில்
அந்த ஒரு பக்கத்தில் மட்டும்
காப்பி கொட்டியிருக்கிறது.

"துப்பாக்கியோ என்று நினைத்தேன்."
"துப்பாக்கியென்றால் ஓடிப் போயிருப்பாயே."

சிரிக்கவில்லை. போகவுமில்லை.
அவனைப் பார்க்காமலிருக்க
புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது:
பூஜ்யம் இரண்டு முறை வரும்.
பிஸ்டன் காற்றை நெரித்துக்கொண்டு மேலேறும்போது ஒன்று.
எரிந்த புகையைத் துப்பிவிட்டு
சும்மா மேலே வந்து நிற்கும்போது ஒன்று.
புல்லிக்கு இரண்டும் ஒன்றுதான்.
விரலுக்குத் தெரியும்.

விரல் வைக்க மேலே ஓர் ஆள் வேண்டும்,
கிராங்கைத் திருப்பக் கீழே ஓர் ஆள்.
இருப்பது ஒரே உடம்பு.
அதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்குள்
அவன் வேலி தாண்டியிருந்தான்.

மல்லாந்து படுத்தேன்.
முதுகுக்கடியில் உறைபனி நெகிழ்ந்த சேறு.
நீளக் கம்பியால் போல்ட்டை இழுத்தேன்,
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
மேலே ஸ்பார்க் பிளக் துளையில் அவன் பெருவிரல்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய பூட்ஸ்.
நேரம் எது என்று அவன் சொல்லித்தான்
நான் நம்ப வேண்டும்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு புஸ்ஸென்று ஒரு மூச்சு.
"இப்போது" என்றான். "தள்ளுகிறது, இப்போது."

முள்ளுக்கு நேரே பூஜ்யம்.
எழுந்து பார்த்தால் ரோட்டர் நேரெதிர்த் திசையில்,
ஆறாம் எண்ணை முறைத்துக்கொண்டு.
தூக்கினேன், அரைவட்டம் திருப்பி இறக்கினேன்.

மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.
கறுப்பாக இருமி, வெள்ளையாக இருமி
ஒருவழியாய் நிதானப்பட்டது.
வேக்குவம் குழாயைப் பிடுங்கி அடைத்துவிட்டு
டைமிங் லைட்டைப் பிடித்தேன்.
அத்தனை வேகத்தில் சுழலும் புல்லியின் கோடு
அந்த மினுக்கலில் அசையாமல் நின்றது.
அவன் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான்.
பத்து டிகிரி முன்னால்.
உச்சிக்கு வந்தபின் பொறி விழுந்தால்
தாமதம்.

போல்ட்டை இறுக்கினான். கையைத் துடைத்தான்.
"வெள்ளி ராத்திரி வரைக்கும் என் முறை" என்றான்.
"எத்தனை மணி வரைக்கும்?"
பதில் வரவில்லை, அல்லது
எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

வேலி தாண்டும்போது
என் அரை இஞ்ச் ஸ்பானர் அவன் பின்பையில் நீட்டிக்கொண்டிருந்தது.
பார்த்தேன்.
கூப்பிடவில்லை.
தண்ணீர் டிரம்மை ஏற்ற வேண்டும்,
நாயை வெளியே வரவழைக்க வேண்டும்.